தண்ணி எங்கடி?

மாட்ரிட்டில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஆறு வருடமாக ஒரு கோடு போட்ட தாள் ஒட்டியிருக்கிறது. அதில் பதினாறு பெயர்கள். ஸ்பெயினில் தேசியப் பூங்காக்கள் மொத்தம் 16. போய்வந்ததை நீலப் பேனாவால் அடித்துவிடுவேன். இதுவரை ஒன்பது அடித்தாயிற்று. மளிகைச் சீட்டு மாதிரி காட்டையும் மலையையும் அடித்துக்கொண்டே போவது கொஞ்சம் அற்பமான பழக்கம்தான். ஆனால் அந்தத் தாள் இல்லையென்றால் சனி ஞாயிறு முழுக்கத் துணி மடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்திருப்பேன்.

(பூங்கா என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும்தான் ஞாபகம் வருகிறது. வேறு சொல் கிடைக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பெயர்களை அறிவிக்கப்பட்ட ஆண்டு வரிசையில் எழுதியிருந்தேன். அது என்ன சொல்கிறது என்று ரொம்ப நாள் கவனிக்கவில்லை. மேலே இருப்பதெல்லாம் மலை. 1918இல் இரண்டு: கோவதோங்கா, ஓர்தேசா. கோவதோங்காதான் பின்னாளில் விரிந்து பீகோஸ் தே யூரோபா ஆனது. 1954, 1955இல் மூன்று: எரிமலை ஒன்று, எரிமலைத் தீவின் பெரும்பள்ளம் ஒன்று, பிரான்ஸ் எல்லையில் இருக்கிற பிரனே மலையின் ஏரிகள். அதுவரை எல்லாமே அண்ணாந்து பார்க்கிற இடங்கள். 1969இல்தான் முதல்முறையாக ஒரு சேற்று நிலம் பட்டியலுக்குள் வருகிறது, டோன்யானா. ஒரு நாட்டுக்குச் சேற்றை மதிக்க ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. எனக்கு ஐந்து வருடம் ஆனது.

பூங்காச் சட்டம் வந்தது 1916 டிசம்பரில். பின்னால் இருந்தவர் பெத்ரோ பிதால் என்கிற பிரபு. வேட்டைக்காரர், மலையேறி, அரசியல்வாதி, மூன்றும். பீகோஸ் மலையில் நரன்ஹோ தே புல்னெஸ் என்று செங்குத்தான சுண்ணாம்புக் கல் கோபுரம் ஒன்று நிற்கிறது. வெளிநாட்டுக்காரன் எவனாவது முதலில் ஏறிவிட்டால் மானம் போய்விடும் என்று 1904 ஆகஸ்டில் இவரே ஏறினார். கூடப் போனவர் கயீன் கிராமத்து மேய்ப்பர் கிரெகோரியோ பெரெஸ். அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மேய்ப்பர் இல்லாமல் பிரபு ஏறியிருக்க மாட்டார். பிதால் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவைப் பார்த்து அசந்து, நம் நாட்டிலும் இப்படி வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் நின்று சண்டை போட்டார். இறந்தபின் அவரை அந்த மலையிலேயே, ஓர்தியாலெஸ் என்கிற விளிம்பில் பாறைக்குள் அடக்கம் செய்தார்கள். காட்சி பிடித்தவருக்குக் காட்சியிலேயே கல்லறை.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் நீலக் கோடு ஓர்தேசாவுக்கு.

ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரி சரகோசாவைச் சேர்ந்தவள். "ஓர்தேசா பார்க்காமல் பிரனே மலையைப் பற்றிப் பேசாதே" என்றாள். நான் பேசவே இல்லை என்பது வேறு விஷயம். கோடையில் பூங்காவுக்குள் சொந்தக் காரை விடமாட்டார்கள். தோர்லா என்கிற கல்வீட்டு ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். காலை ஆறரைக்கே வரிசை. எல்லார் கையிலும் நீளமான பொக்காதியோ ரொட்டி. என் டப்பாவில் எலுமிச்சைச் சோறு. பஸ் இறக்கிவிடுகிற புல்வெளியிலிருந்து பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கிற 'குதிரைவால்' அருவிவரை போய்த் திரும்ப 17 கிலோமீட்டர். பாதி தூரம் பீச் மரக் காடு; வெயில் பச்சையாகச் சலித்து விழும். அப்புறம் ஆறு படிப்படியாக இறங்கும் இடம். யாரோ கொத்தனார் வைத்துக் கட்டியதுபோல அளவெடுத்த பாறைப் படிகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் வழிகிறது. அதற்கு மேலே மரமே இல்லை. அகன்ற புல்வெளி, மாட்டு மணிச் சத்தம், கோடியில் அருவி, அருவிக்குப் பின்னால் 3,355 மீட்டர் உயர மோந்தே பெர்திதோ, தொலைந்த மலை. பிரான்ஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படாமல் மறைந்துகொள்வதால் அந்தப் பெயர் என்கிறார்கள்.

அங்கே உட்கார்ந்து சோற்றைப் பிரித்தபோது தலைக்குமேல் ஒன்று வட்டமிட்டது. கழுகு என்று நினைத்தேன். பக்கத்தில் பைனாகுலர் வைத்திருந்த பெரியவர் என் தோளைத் தட்டி "கெப்ரந்தாவேசோஸ்!" என்றார். எலும்புடைச்சான். தாடி வைத்த பாறுக் கழுகு. மற்ற கழுகுகள் கறியைத் தின்றுவிட்டுப் போனபின் கடைசியாக வரும். பெரிய எலும்பைக் காலில் கவ்விக்கொண்டு மேலே போய்ப் பாறையில் போட்டு உடைத்துச் சில்லுகளை விழுங்கும். பெரும்பாலும் எலும்பைத் தின்றே உயிர்வாழ்கிற பறவை. பெரியவர் பைனாகுலரைக் கொடுத்துவிட்டு என் டப்பாவைக் காட்டி அது என்ன என்று கேட்டார். கொடுத்தேன். மஞ்சள் சோறு என்பதால் அவர்கள் ஊர் பாயேயாச் சோறு என்று நினைத்து வாயில் போட்டிருப்பார் போல; எலுமிச்சைப் புளிப்புக்கு முகம் போன போக்கை மறக்க முடியாது.

இறங்கும் வழியில் அவர்தான் புகார்தோ கதையைச் சொன்னார். பிரனே மலைக் காட்டாடு. ஓர்தேசாவைப் பூங்காவாக்கியதற்கு ஒரு காரணமே இந்த ஆட்டைக் காப்பாற்றுவதுதான். ஆடு குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு கிடா ஆட்டுக்குக்கூட வழியில்லாமல் ஒற்றைப் பெட்டை மிஞ்சியது. செலியா என்று பெயர். 2000 ஜனவரி 6ஆம் தேதி மரம் விழுந்து நசுங்கிச் செத்துக் கிடந்தது. முன்கூட்டியே அதன் தோலிலிருந்து செல்களை எடுத்து உறையவைத்திருந்தார்கள். 2003இல் அதை வைத்து ஒரு குட்டியைப் பிறக்கவும் வைத்தார்கள். நுரையீரல் கோளாறு, சில நிமிடம்தான். அழிந்துபோன ஓர் இனம் திரும்பி வந்து மறுபடி அழிந்தது. எண்பது வருடம் பூங்காவாகப் பொத்திவைத்தும், பொத்திவைத்த காரணம் போய்விட்டது. காட்சி மட்டும் அப்படியே இருக்கிறது.

இது அன்றைக்கு உறைக்கவில்லை. அடுத்தடுத்துக் கோடு போடும் அவசரம். குவாதர்ராமா மாட்ரிட்டுக்குப் பின்வாசல், மின்சார ரயிலிலேயே போய்விடலாம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பீகோஸில் இரண்டு நாளும் பனிமூட்டம். பிதாலின் கோபுரத்தைக் கடைசி மணியில்தான் பார்த்தேன்.

கேனரித் தீவுகளுக்கு ஒரே பயணமாகப் போய் மூன்றை அடித்தேன். தெய்தே எரிமலைதான் ஸ்பெயினிலேயே அதிகம் பேர் வரும் பூங்கா. உச்சி 3,700 மீட்டருக்கும் மேல். ரோப்காரில் 3,555 மீட்டர்வரை தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்; அதற்குமேல் ஏற முன் அனுமதி வேண்டும், எனக்குக் கிடைக்கவில்லை. திமான்ஃபாயாவில் 1730இல் நிலம் பிளந்து ஆறு வருடம் நெருப்பைக் கக்கியது. அந்தக் கறுப்பு இன்னும் அப்படியே கிடக்கிறது. குழிக்குள் காய்ந்த சுள்ளியைப் போட்டால் தானாகப் பற்றிக்கொள்கிறது. பூமிச் சூட்டிலேயே கோழி வாட்டித் தருகிற உணவகமும் இருக்கிறது. கோழி சுமார்தான்.

ஆனால் லா கோமேரா தீவு வேறு. தெய்தே இருக்கிற தெனெரிஃபே தீவிலிருந்து கப்பலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். துறைமுகம் காய்ந்து வறண்டு கிடக்கிறது, கள்ளியும் பாறையும். மலைப்பாதையில் அரை மணி நேரம் ஏறியதும் கார்க் கண்ணாடி நனைய ஆரம்பித்தது. மழை பெய்யவில்லை. கராஹோனாய் காட்டுக்குள் வந்திருந்தோம். பல லட்சம் வருடங்களுக்கு முன் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் படர்ந்திருந்து, குளிரும் வறட்சியும் வந்து அங்கெல்லாம் அழிந்துபோன லாரல் காட்டின் மிச்சம் இது. கடற்காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மலையில் முட்டவைக்கிறது. இலைகள் மேகத்தைச் சீப்பால் வாருவது மாதிரி வாரித் துளித்துளியாகக் கீழே விடுகின்றன. அங்கே அதைப் படுக்கை மழை என்கிறார்கள். மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வருகிற மழை. பாசி பிடித்த ஒரு கிளைக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடத்தில் உள்ளங்கைக் குழி நிறைந்துவிட்டது. கீழே இருக்கிற ஊர்களின் கிணறும் ஊற்றும் இந்தச் சொட்டில்தான் ஓடுகின்றன. மரத்தை வெட்டினால் மேகம் வரும், போகும், தண்ணீர் நிற்காது. 2012 ஆகஸ்டில் தீப்பிடித்து இந்தக் காட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு எரிந்தது. கருகிய கட்டைகளை நான் போனபோதும் பார்க்க முடிந்தது.

அந்தத் தீவில் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு விசிலிலேயே பேசிக்கொள்வார்கள். சீல்போ என்று பெயர். 1999லிருந்து பள்ளிக்கூடத்தில் கட்டாயப் பாடம். சாப்பாட்டுக் கடையில் ஒருவர் விசிலடித்தே என் பெயரைக் கூப்பிட்டுக் காட்டினார். என் பெயரில் இருக்கிற 'ழ' எங்கே போனது என்று கேட்டிருக்கலாம்.

டோன்யானாவுக்கு நான் போனதே லிங்க்ஸுக்காக. காதில் கறுப்பு முடிக்குஞ்சம் வைத்த காட்டுப்பூனை. 2002இல் கணக்கெடுத்தபோது உலகத்திலேயே நூறுகூட இல்லை. முயலைப் பெருக்கி, கூண்டில் குட்டி ஈனவைத்துக் காட்டில் விட்டு, இன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சேர்த்து 2,000ஐத் தாண்டிவிட்டது. எப்போதாவது நல்ல செய்தியும் வரும். நான் பார்த்தது மணலில் ஒரு காலடித்தடம். நான்கு மணி நேரம் பெரிய ஜீப் பஸ்ஸில் குலுங்கியதற்கு அதுதான் வரும்படி. ஓட்டுநர் இறங்கி, தடத்தைச் சுற்றிக் குச்சியால் வட்டம் போட்டுக் காட்டினார்.

ஆனால் ஞாபகத்தில் நிற்பது தடம் இல்லை. எல் ரோசியோ ஊருக்குத் திரும்பும் வழியில், பூங்கா எல்லை முடிந்த கையோடு தொடங்குகிற வெள்ளை பிளாஸ்டிக். கண்ணுக்கெட்டிய தூரம் கொட்டகை கொட்டகையாக ஸ்ட்ராபெரி. ஐரோப்பாவின் குளிர்காலத்துக்குப் பழம் தருகிற வெல்பா மாகாணம் இதுதான். பழத்துக்குத் தண்ணீர் நிலத்தடியிலிருந்து. அனுமதி வாங்கிய கிணறுகளும் உண்டு, திருட்டுக் கிணறுகளும் உண்டு. நிலத்தடி நீரைக் காக்கத் தவறியதற்காக 2021இல் ஐரோப்பிய நீதிமன்றமே ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. டோன்யானாவின் பெரிய குளமான சாந்தா ஒலாயா, எப்போதும் வற்றாது என்று பெயர் வாங்கியது, 2022இலும் 2023இலும் முழுக்க வற்றியது. வீட்டுக்கு வந்து டோன்யானாவின் மேல் நீலக் கோடு போட்டுவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால், உள்ளே கால் கிலோ ஸ்ட்ராபெரி. டப்பாவில் வெல்பா என்றே போட்டிருந்தது.

அந்த அக்டோபரில் அம்மா வந்தாள், மூன்று மாதம் இருந்துபோக. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். ஓர்தேசாவில் 17 கிலோமீட்டர் நடக்க அவள் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. கார் ஓட்டி இரண்டு மணி நேரத்தில் போகக்கூடியதாக, நடை குறைவாக எது என்று பார்த்தேன். தப்லாஸ் தே தைமியேல். லா மாஞ்சா சமவெளியில், 1973இல் அறிவித்தது. குவாதியானா என்கிற நன்னீர் ஆறும் ஹிகுவேலா என்கிற உவர் ஆறும் சேர்ந்து கரை தாண்டிப் பரவி நிற்கிற ஆழமில்லாத நீர்ப்பரப்பு. வாத்துகளின் ஊர். "ஏரி பார்க்கப் போறோம்மா" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

நடக்க மரப்பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள், நீருக்குமேல் தீவு தீவாகப் போவதற்கு. அம்மா பாதிப் பாலத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி எங்கடி?"

பாலத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் வெடித்த களிமண். வெடிப்புக்குள் கை போகும். நத்தைக் கூடுகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. பறவை பார்க்கிற மரக்குடிலுக்குள் போனோம். சுவரில் செந்தலை வாத்து, நாரை, கொக்கு என்று வண்ணப் படங்கள். ஜன்னல் பிளவு வழியே பார்த்தால் காய்ந்த நாணல். எனக்கு வெட்கமாக இருந்தது, ஏதோ என் வீட்டுக்கு அழைத்துவந்து சோறு இல்லை என்று சொன்னதுபோல. அம்மாவுக்கு அப்படி ஒன்றும் ஏமாற்றம் இல்லை. குனிந்து கரையோரத் தட்டையை ஒடித்துப் பார்த்தாள். "இது சம்பு. நம்ம கண்மாயில நிக்குமே, அதான்." இங்கே அதை நாற்காலிக்குப் பின்னுவார்கள் என்றேன். "அப்ப வெவரமானவங்கதான்."

அன்றைக்கு வழிகாட்டியாக இருந்த பெண்ணிடம் அம்மாவின் கேள்விகளை நான் மொழிபெயர்த்தேன். 1956இல் இந்தச் சதுப்பையெல்லாம் வடித்து விளைநிலமாக்கச் சட்டமே போட்டார்கள். வாய்க்கால் வெட்டினார்கள். அப்புறம் போர்வெல். எழுபதுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆழ்துளைக் கிணறுகள். மக்காச்சோளம், குதிரைமசால், இப்போது திராட்சைக்கும் சொட்டுநீர்க் குழாய். நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. தைமியேலுக்கு மேலே குவாதியானா பூமிக்குள்ளிருந்து பொங்கி வந்த இடத்துக்குக் 'குவாதியானாவின் கண்கள்' என்று பெயர். எண்பதுகளில் அந்தக் கண்கள் மூடிக்கொண்டன. நல்ல மழை வருடங்களில் லேசாகத் திறந்ததுண்டு. மற்றபடி ஆற்றுப் படுகையிலேயே உழுது விதைக்கிறார்கள்.

"நம்மளும் ஊத்துக்கண்ணுன்னுதானே சொல்றோம்" என்றாள் அம்மா. நான் ஐந்து வருடமாக ஸ்பானிய மொழி பேசுகிறேன். எனக்கு அது தோன்றவில்லை.

2009இல் இங்கே நிலம் எரிந்தது என்றதும் அம்மா நம்பவில்லை. "மண்ணு எரியுமா?" தண்ணீருக்குள் பல நூற்றாண்டு மக்கிய தழை கரிமண்ணாக அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கிறது. தண்ணீர் வற்றியதும் அது காய்ந்து வெடித்து, காற்றுப் புகுந்து, உள்ளுக்குள்ளேயே கனலத் தொடங்கிவிட்டது. தீயே தெரியாது, வெடிப்பிலிருந்து புகை மட்டும். வைக்கோல்போர் அடியில் கங்கு பிடிக்கிற மாதிரி என்று விளக்கினேன். அதற்கப்புறம் நம்பினாள். எங்கோ தொலைவில் ஓடுகிற தாஹோ ஆற்றிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளிர்கால மழையும் வெளுத்து வாங்கியது. 2010இல்தான் அணைந்தது.

பூங்காவின் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. பத்திருபது வாத்துகள் அதிலேயே நெருக்கியடித்துக்கொண்டு. அது எப்படி என்று அம்மா கேட்டாள். பூங்காவே அவசரத்துக்குப் போர் போட்டு இறைக்கிறது என்றாள் அந்தப் பெண். அதே நிலத்தடியிலிருந்து.

நான் மொழிபெயர்த்ததும் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவன் போர்ல இறைச்சு வத்துச்சுன்னு இவங்களும் போர்லயா இறைக்கிறாங்க?" அந்தப் பெண், என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நான் மழுப்பிவிட்டேன். மழுப்பியிருக்கக் கூடாது.

ஓர்தேசாவில் எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தைமியேலில் எடுத்தது ஒன்றே ஒன்று: அம்மாவின் உள்ளங்கையில் நான்கு நத்தைக் கூடு. கேட்டால் எனக்குப் பிடித்த பூங்கா எது என்று இப்போது தயங்காமல் சொல்வேன். நண்பர்கள் வேடிக்கை என்று நினைக்கிறார்கள்.

அம்மா ஊருக்குப் போனபின் மே மாதம் சியெரா நெவாதாவுக்குப் போனேன். ஸ்பெயின் பெருநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான முலாசேன், 3,479 மீட்டர், அங்கேதான் இருக்கிறது. நான் ஏறவில்லை. தெற்குச் சரிவில் அல்புஹாரா கிராமங்கள். அங்கே காரேயோ வாய்க்கால்கள் இருப்பதாகப் படித்திருந்தேன். முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் தொடங்கிய ஏற்பாடு. பனி உருகும் தண்ணீரை உயரத்திலேயே மண்வாய்க்காலில் திருப்பி, சரிவின் குறுக்கே கூட்டிப்போய், தண்ணீரை நன்றாகக் குடிக்கிற இடமாகப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். வயலுக்கு இல்லை, மலைக்கு. மலை அதை வைத்திருந்து, கோடையில் கீழே ஊற்றாகக் கொடுக்கும். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஓர் ஆள் உண்டு. தூர்ந்துபோனவற்றைக் கிரனாடா பல்கலைக்கழகத்துக்காரர்களும் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து வெட்டி மீட்கிறார்கள். நான் போனபோது மண்வெட்டியோடு ஒருவர் கல்லைப் புரட்டி மடையைத் திறந்துகொண்டிருந்தார். தண்ணீர் புல்லுக்குள் நுழைந்து, சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போனது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நம்ம நீர்ப்பாய்ச்சி மாதிரி ஆளா?"

"அதே மாதிரிதாம்மா. கையில மம்பட்டிகூட இருந்துச்சு."

"இங்க விட்ட தண்ணி கீழ ஊத்தா வர எத்தனை நாளு ஆகுமாம்?"

"கேக்கலையே."

"யாரு வயலுக்கு மொதல்ல?"

"அதுவும் கேக்கலம்மா."

"அப்ப அம்புட்டுத் தூரம் போயி என்னத்தடி பார்த்த?"